இரண்டு பக்கமும் சிங்கம்

குன்னூர் பஜாரில் பழைய காசு, தபால் தலை, ஓடாத கடிகாரம் என்று விற்றுக்கொண்டிருந்த ஒருவருடைய கடையை மூட வைத்தது நான்தான். இதைப் பெருமையாக யாரிடமும் சொன்னதில்லை. வருத்தப்பட்டும் சொன்னதில்லை. இத்தனை வருடம் யாரும் கேட்கவும் இல்லை. கேட்காமலே இப்போது சொல்கிறேன்.

தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்ப சிலோனும் இந்தியாவும் போட்ட ஒப்பந்தத்தில் வந்தவர்கள் நாங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு ரயிலும் லாரியுமாகக் குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கினோம். அப்பா, அம்மா, ஒரே மகள் நான். எங்கள் மூவர் கையிலும் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. ஆனாலும் பஜாரில் எங்களை அகதி என்றுதான் சொன்னார்கள். இன்னும் சிலர் ‘கப்பல்ல வந்தவங்க’ என்றார்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். நான் போட்டுக்கொள்வேன்.

அப்பாவிடம் ஒரு காசு இருந்தது. சிலோன் அஞ்சு சதம், சதுரக் காசு, மஞ்சள் நிறம். அதன் ஒரு பக்கத்தில் வெள்ளைக்கார ராசாவின் தலை மேடாக எழும்பி நிற்கும். புரட்டினால் எழுத்து இருக்க வேண்டிய பக்கத்திலும் அதே தலை, ஆனால் குழியாக, எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு. அடித்த காசு அச்சைவிட்டு விழாமல் ஒட்டிக்கொண்டால் அடுத்த காசு அதன்மேல் அழுந்தி இப்படி வரும் என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த விஷயம். அப்பாவுக்கு அது சம்பளத்தோடு வந்த காசு. கடையில் வாங்கமாட்டேன் என்றதால் கையிலேயே தங்கிவிட்டது. பூவா தலையா போட்டால் அப்பா எப்போதும் தலைதான் கேட்பார். தோட்டத்தில் எல்லாருக்கும் இந்தத் தந்திரம் தெரியும். தெரிந்தும் போடச் சொல்லித் தோற்றுச் சிரிப்பார்கள். தலைமன்னாரில் சுங்கக்காரர் எங்கள் மூட்டையைக் கொட்டிக் கிளறியபோது அம்மாவின் காதுத் தோட்டைக்கூட விடவில்லை. இந்தக் காசை மட்டும் பார்த்து உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தார். அந்த நாட்டிலிருந்து அப்பா கொண்டுவந்த சொத்து என்றால் அது ஒன்றுதான்.

வந்த முதல் குளிர்காலத்திலேயே பனி அப்பாவின் நெஞ்சில் இறங்கிவிட்டது. குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வெளியில் வாங்க வேண்டிய மருந்துகளும், போக வர பஸ்ஸும், ஒரு தம்ளர் பாலும் அம்மாவின் கொழுந்துக் கூலியைத் தின்றுகொண்டிருந்தன. பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த ஒருத்தி பஜாரில் பழைய காசு வாங்கும் கடை இருக்கிறது என்றாள். எங்களிடம் கைச்செலவுக்கு வைத்திருந்த சிலோன் சில்லறை கொஞ்சம் மாற்றாமல் கிடந்தது. அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து அந்தச் சதுரக் காசையும் எடுத்துக்கொண்டதை நான் கடைக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

கடைக்காரர் ஐம்பதை நெருங்கியவர். நல்ல கம்பளிக் கோட்டு, நெற்றியில் திருநீறு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு பூதக்கண்ணாடி. அம்மா கொட்டிய காசுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சதுரக் காசு வந்ததும் விரல் நின்றது. கண்ணாடியை வைத்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடி பார்த்தார். பிறகு அதை மற்ற காசுகளோடு சேர்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“அம்மிணி, இதெல்லாம் இங்க செல்லாத காசுங்க. இது ஒண்ணு, அடிக்கறப்பவே கெட்டுப்போனது. சும்மா குடுத்தாக்கூட யாரும் வாங்கமாட்டாங்க. ஆனா ஆஸ்பத்திரிச் செலவுன்னு சொல்றீங்க, பாவமா இருக்குதுங்க. எல்லாத்துக்கும் சேத்து ஒரு பத்து ரூவா வெச்சுக்கங்க.”

அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். “நல்லா இருக்கணுங்க ஐயா. கையில சல்லி இல்லாம ஒண்ணும் செய்ய ஏலாம இருந்துச்சு” என்றாள். அந்தப் பத்து ரூபாயை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அந்தக் கும்பிடுதான் ஆறவில்லை.

அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓவேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் படுத்திருந்தார். அவரும் சிலோனில் இருந்து வந்தவர்தான். பேச்சுவாக்கில் அப்பா தன் காசைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லை. ரெண்டு பக்கமும் தலை உள்ள காசு எந்த ஊரில் இருக்கிறது என்று கேலி செய்திருக்கிறார். அப்பா அம்மாவிடம் காசைக் கேட்டார். லயத்தில் பத்திரமாக இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றாள் அம்மா. மறுநாளும் கேட்டார். அம்மா அதையே சொன்னாள். கடைசிவரை அப்பா அந்த மனிதரிடம் பொய் சொன்னவராகவே இருந்து செத்துப்போனார்.

காரியம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஜாருக்குப் போனேன். கடையின் கண்ணாடிப் பெட்டியில், சிவப்பு வெல்வெட் துணிமேல், வேறெதுவும் பக்கத்தில் இல்லாமல் அப்பாவின் காசு இருந்தது. கீழே இங்கிலீஷில் எழுதிய ஒரு அட்டை. வெளியூர்க்காரர் ஒருவர் விலை கேட்டார். கடைக்காரர் ஒரு விலை சொன்னார். அம்மா அவ்வளவு பணத்தைச் சேர்ந்தாற்போலப் பார்த்ததே கிடையாது.

உள்ளே போனேன். வாங்கிய பணத்தைத் தருகிறேன், எங்கள் காசைக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. அந்த வெளியூர்க்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

“கப்பல்ல வந்தவங்கங்க. குடுக்கறத வாங்கிட்டுப் போயி, நாலு நாள் கழிச்சு வந்து அழுவாங்க. இவங்களோட இதே ரோதனையாப் போச்சுங்க.”

வந்தவரும் சிரித்தார். நான் படியிறங்கி வந்துவிட்டேன். அடுத்த முறை போனபோது பெட்டி காலியாக இருந்தது. பம்பாயிலிருந்து சீசனுக்கு வரும் ஒரு பணக்காரர் வாங்கிப் போய்விட்டதாகப் பக்கத்துக் கடைப் பையன் சொன்னான். அன்றைக்கு நான் சபதம் எதுவும் செய்யவில்லை. அந்த ஆளுக்கு ஒரு கேடு வர வேண்டும், அதை நான் கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதுபோல அதைத் தினமும் நினைத்தேன்.

நாள்கூலியாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா அப்பாவின் நிரந்தர வேலையை எடுத்துக்கொண்டாள். நான் சிலோனில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஓரளவு படித்திருந்ததால் குன்னூரில் ஒரு தனியார் பஸ் ஆபீஸில் வேலை கிடைத்தது. கண்டக்டர்கள் தோல் பையோடு கொண்டுவந்து கொட்டும் சில்லறையைப் பிரித்து, பத்துப் பைசா, கால் ரூபாய், அரை ரூபாய் என்று தனித்தனியாகக் காகிதத்தில் உருளையாகச் சுற்றிவைப்பது என் வேலை. ஊரில் சில்லறைக்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த காலம். கடைக்காரர்களும் ஓட்டல்காரர்களும் அந்த உருளைகளுக்காக வரிசையில் நிற்பார்கள்.

அப்படி வாங்க வருபவர்களில் ஒரு பெண்ணும் இருந்தாள். வெலிங்டன் பட்டாள ஆஸ்பத்திரியில் நர்ஸ், மலையாளி, என்னைவிடச் சில வயது மூத்தவள். அவள் உருளைகளை வாங்கி அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பிரிப்பாள். ஒவ்வொரு காசையும் பக்கவாட்டில் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ ஒன்றிரண்டை மட்டும் கைப்பையில் போட்டுக்கொள்வாள். மீதியை மறுபடி சுற்றி என்னிடமே திருப்பிக் கொடுப்பாள். பைத்தியம் என்று கண்டக்டர்கள் சொன்னார்கள். ஒருநாள் அவள் எடுத்துவைத்த காசைப் பார்க்கக் கேட்டேன். ஒரு பத்துப் பைசாவின் ஓரத்தை எலி கடித்ததுபோலப் பிறை வடிவில் காணவில்லை. தகடு வெட்டும்போதே பிசகிவிட்டது என்றாள். இதற்கெல்லாம் காசு தருகிறவர்கள் இருக்கிறார்களாம்.

அப்பாவின் காசைப் பற்றிச் சொன்னேன். அவள் பஜார் கடைக்காரரை அறிந்திருந்தாள். அந்தக் காசை அந்தப் பெட்டியில் பார்த்துமிருந்தாள். கொழும்புக் கருவூல அதிகாரி ஒருவரிடமிருந்து வாங்கியது என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். “அதிகாரியல்ல, எங்கப்பா” என்றேன்.

அதற்குப் பிறகு என் கை வழியாகப் போன காசு ஒன்றும் என் கண்ணுக்குத் தப்பவில்லை. ஒன்றுக்கு ஒன்று நல்ல காசு போட்டுவிட்டு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று மானேஜர் சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார். உருளை சுற்றுவதற்கு முன்னால் காசுகளைப் பலகையில் பரப்பிக்கொண்டு பார்ப்பேன். பல நாள் ஒன்றும் கிடைக்காது. விரல் நுனிகள் கறுத்து, கைமுழுக்க உலோக வாடைதான் மிஞ்சும். திடீரென்று ஒரு கால் ரூபாயைப் புரட்டினால் சிங்கம் தலைகீழாக நிற்கும். ஒரு அரை ரூபாய் எந்த எழுத்தும் இல்லாமல் மொழுமொழுவென்று வெறும் வட்டமாக வரும். ஒன்றில் அச்சு நகர்ந்து, பாதி படமும் பாதி வெறுந்தகடுமாக இருக்கும். கிடைத்ததை நர்ஸ் சிஸ்டரிடம் கொடுப்பேன். நியாயமான விலை தருவாள். தனக்கு வேண்டாததை தன் சொந்த ஊரில் இருந்த சிநேகிதர்களுக்கு அனுப்பிவைப்பாள். தேநீர் வாங்கிக்கொண்டு பெஞ்சில் அவளோடு உட்கார்ந்து காசு பார்த்த சனிக்கிழமைகள்தான் இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பொழுதுகள்.

ஆனால் எனக்கு அது போதவில்லை. கடைக்காரரின் பிழைப்பு எங்கிருந்து வருகிறது என்று கவனித்தேன். எங்கள் கண்டக்டர்களே ஒரு டீக்கும் வர்க்கி பிஸ்கட்டுக்கும் அவரிடம் கெட்ட காசுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சந்தைக்கு வரும் தோட்டத்துப் பெண்களும் அப்படித்தான். ஒவ்வொருவரையும் தேடிப் போய்ச் சொன்னேன். அது கெட்ட காசு இல்லை, என்னிடம் கொடு, விற்றால் உனக்குப் பாதி என்றேன். முதலில் நம்பவில்லை. ஒரு கண்டக்டருக்கு அவன் ஒருநாள் படிப்பணத்தைவிட அதிகமாகக் கையில் வைத்ததும் எல்லாரும் நம்பினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்ணாடிப் பெட்டி வறண்டுபோனது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை எதிரே போய் நின்று அதைப் பார்ப்பேன். பசி அடங்கியதுபோல இருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு ரூபாய்க் காசு என் பலகைக்கு வந்தது. இரண்டு பக்கமும் சிங்கம். சனிக்கிழமை வரை பொறுத்திருந்து சிஸ்டரிடம் காட்டினேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைச் சிமெண்டுத் தரையில் போட்டாள். நல்ல ரூபாய் கிணிங்கென்று பாடும். இது டொக்கென்று விழுந்தது.

“இது கள்ளமாணு. ஜாலவித்தைக்காரங்க செய்யுறது. ரெண்டு காசச் செதுக்கி ஒண்ணா ஒட்டியதாணு” என்று சொல்லி என் நகத்தைப் பிடித்து விளிம்பின் உட்புறம் ஓட்டிக் காட்டினாள். முடி அளவுக்கு ஒரு கீறல் தட்டுப்பட்டது. தூக்கிப் போட்டுவிடு என்றாள். நான் சரியென்று சொல்லிவிட்டுக் காசை வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் பிறந்து சீசன் கூட்டம் மலையேறத் தொடங்கியது. பம்பாய்க்காரர் வரப்போகிறார் என்று பஜாரில் பேச்சு. கடைக்காரரின் பெட்டியில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் மத்தியானம் அவரே பஸ் ஆபீஸுக்கு வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனை நாள் அவரை நினைத்துக்கொண்டு எழுந்தவளின் முகம் அவருக்கு நினைவில்லை.

“ஏனுங்க அம்மிணி, இங்க கெட்ட காசெல்லாம் நீங்கதான் வாங்கறீங்களாம். ஏதாச்சும் இருக்குதுங்களா?”

கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதோடு சரி, எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது, சிலோனிலிருந்து வந்தவள், ஆபீஸில் செல்லாது என்று ஒதுக்குவதை ஒரு டப்பாவில் போட்டுவைப்பேன் என்றேன். டப்பாவை அவர் முன்னால் கவிழ்த்தேன். வளைந்தது, நசுங்கியது, ஓட்டை விழுந்தது என்று உதவாக்காசுகள். நடுவில் அந்த ரூபாய்.

அவர் விரல் அதே மாதிரி நின்றது. கண்ணாடியை எடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். மேசையில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும், சத்தம் சொல்லிக்கொடுத்திருக்கும். தட்டவில்லை. தட்டிப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், விலை ஏறிவிடும் என்று பயந்தார். அவர் முகத்தில் அந்தப் பழைய இரக்கம் வந்து உட்கார்ந்தது.

“இதெல்லாம் செல்லாதுங்க அம்மிணி. உங்களுக்கு எதுக்கு நட்டம்? டப்பாவோட குடுங்க, அம்பது ரூவா தர்றேன்.”

“அவ்வளவு எதுக்குங்க? கெட்ட காசுதானுங்களே” என்றேன்.

“பரவால்லீங்க, இருக்கட்டும்” என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அந்தப் பணத்தில் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்தேன்.

பம்பாய்க்காரர் வந்த அன்று லீவு போட்டேன். எதிரே இருந்த வர்க்கிக் கடையில் நின்றுகொண்டேன். அவர் கூட இரண்டு நண்பர்களை அழைத்து வந்திருந்தார். கடைக்காரர் வெல்வெட் துணியோடு காசை எடுத்து, இரு கையிலும் ஏந்தி நீட்டினார். பம்பாய்க்காரர் பார்த்தார். நண்பர்களுக்குக் காட்டினார். பிறகு பெட்டியின் கண்ணாடிமேல் லேசாகப் போட்டார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் நண்பர்களில் ஒருவர் சிரித்தது தெரிந்தது. பம்பாய்க்காரர் சிரிக்கவில்லை. கடைக்காரர் காசைக் கையில் எடுத்து, நகத்தால் விளிம்பைத் தடவி, அப்படியே நின்றுவிட்டார். அவர்கள் மூவரும் படியிறங்கினார்கள். அவர் வாசல்வரை ஓடிவந்து ஏதோ சொன்னார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் ஒருநாள் அந்தப் படியில்தான் இறங்கினேன்.

நான் தெருவைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றேன். ஒளிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை.

“நீ தெரிஞ்சேதான குடுத்தே?” என்றார். ‘ங்க’ போய்விட்டிருந்தது.

“ஆமாங்க.”

“ஏன்? நான் உனக்கு என்ன பண்ணேன்?”

சதுரக் காசைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரி, அம்மா, கும்பிட்டது எல்லாம். அவர் முகத்தில் ஞாபகம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். வரவில்லை. அந்த மாதிரி எத்தனையோ பேரிடம் வாங்கியிருப்பார். அது எனக்கு முதலில் பெரிய ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால் அதுவும் நல்லதுதான். எத்தனையோ பேருக்காகவும் சேர்த்து நடந்ததாக வைத்துக்கொண்டேன்.

சிஸ்டருக்கு விஷயம் எட்டியது. பம்பாய்க்காரர் அந்தக் கடையில் அதுவரை வாங்கிய எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒதுக்கிவிட்டாராம். அதில் அப்பாவின் காசும் ஒன்று. உண்மையான காசு, உன்னால் கள்ளக் காசாகிவிட்டது என்றாள் சிஸ்டர். அவள் கோபமாகப் பேசவில்லை. “நீ என்கிட்ட சொல்லியிருக்கணும். நான் காட்டித் தந்தத வச்சு நீ இது செய்தல்லோ” என்றாள். அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவள் வரவில்லை. கொஞ்ச காலத்தில் வடக்கே எங்கோ மாற்றலாகிப் போனாள். சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை.

அது எனக்கு வலித்தது. இன்றும் வலிக்கிறது. அப்பாவின் காசு எந்தப் பெட்டியின் மூலையில் பொய்க்காசாகக் கிடக்கிறதோ என்று சில நாள் தூக்கம் வரவில்லை. இருந்தாலும், அந்த மத்தியானம் மறுபடி வந்து, அந்த ஆள் டப்பா முன்னால் குனிந்து நின்றால், நான் மறுபடியும் கவிழ்த்துக் காட்டுவேன். சிநேகிதி போவாள் என்று தெரிந்தே காட்டுவேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். அந்த ஆளுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்தாள். தெரியாது என்றேன். கொஞ்சம் கழித்து, “அவன் முகம் எப்படி இருந்துச்சு?” என்றாள். சொன்னேன். “இன்னொருக்கா சொல்லு” என்றாள். சொன்னேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் வெளியூர் ஆட்கள் யாரும் அந்தக் கடைக்கு வருவதில்லை என்றாகிவிட்டது. அவர் கடிகாரங்களையும் தபால் தலைகளையும் மொத்தமாக யாருக்கோ கொடுத்துவிட்டு மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கிப் போனதாகச் சொன்னார்கள். கடையை ஒரு தையல்காரர் எடுத்தார். அவர் மிஷினை இறக்கிவைத்த வாரமே போய் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். தோளில் கொஞ்சம் இறுக்கம், மற்றபடி நன்றாகவே தைத்திருந்தார்.